ஹலோ அக்காவின் போன்

எங்கள் சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் அவளை ஹலோ அக்கா என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடம் போன் எடுத்த வாய். கவுன்ட்டரில் ஆள் வந்து நின்றால்கூட, "ஹலோ, சொல்லுங்க" என்பாள். ஒரு காலத்தில் அந்தப் போன் ஓயவே ஓயாது. படகு எத்தனை மணிக்கு, அறை கிடைக்குமா, மழை பெய்கிறதா என்று ஊர்ப்பட்ட கேள்விகள். பிறகு மின்னஞ்சல் வந்தது, வாட்ஸப் வந்தது. அக்கா ஈ ஓட்ட ஆரம்பித்தாள்.

நேரில் எத்தனை பேர், போனில் எத்தனை, வாட்ஸப்பில் எத்தனை என்று மாதாமாதம் மேலிடத்துக்கு எழுதி அனுப்புவது என் வேலை. மாதம் ஐந்து போன்கூட வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று ஒருநாள் உத்தரவு வந்தது. அக்காவின் முகம் செத்துவிட்டது.

"என் தம்பி கோவிச்சுக்கிட்டுப் போய் பதினெட்டு வருஷம் ஆச்சுப்பா. 'இனி என் மூஞ்சில முழிக்காதே'ன்னு நான்தான் கத்தினேன். வீடும் மாறிட்டோம். அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்ணுதான்."

அந்த மாதம் பதிவேட்டில் ஏழு போன். அதில் ஆறு அவளே அடித்தவை. பின்வாசலில் நின்று செல்போனில் அடிப்பாள், மூச்சிரைக்க ஓடி வந்து தானே எடுப்பாள். "ஹலோ, படகு நாலு மணிக்குங்க" என்று யாருமில்லாத போனுக்குப் பதில் சொல்வாள். கண்ணால் பார்த்தேன்.

நான்தான் பெரிய அரிச்சந்திரன் ஆயிற்றே! ஆறையும் கோடு போட்டு அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதி அனுப்பினேன். இணைப்பு போயிற்று. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒருவர் பழைய பையோடு கவுன்ட்டருக்கு வந்தார்.

"ஹலோ, சொல்லுங்க."

"இங்க வேலை பாக்குற ஒரு அக்காவைத் தேடி வந்தேன். அவங்க தம்பி என்கூட வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில ஒம்பது நாள் கிடந்தார். அக்காகிட்ட பேசணும்னு ஒரு நம்பரையே சொல்லிக்கிட்டிருந்தார். தினம் ஒருதரம் அடிச்சுப் பார்த்தோம். உபயோகத்துல இல்லைன்னே வந்துச்சு. அப்புறம்தான் அவரோட இந்தப் பையில உங்க ஆபீஸ் நோட்டீஸ் ஒண்ணு கிடைச்சுது."

"இப்ப எப்படி இருக்கான்?"

அவர் பையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

அக்கா அதைத் தொடக்கூட இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ஒம்பது போன் வந்திருக்குப்பா. இதையாவது எழுதிக்கோ."