கையில் சுற்றாத வளையல்

பிரகதாம்பாளுக்குக் காலில் சக்கரம் என்று அன்னவாசல் வட்டாரத்தில் சொல்வார்கள். 1957-இல் பிரசவ நர்ஸாக அங்கே வந்தவளுக்குப் பத்தொன்பது ஊர்களைப் பார்க்கும் வேலை. கொடுத்த மோரை நின்றபடியே குடிப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி தொடங்கிவிடும். பதில் முடிவதற்குள் செருப்பு மறுபடி காலில் ஏறியிருக்கும்.

அந்த அவசரம் ஓர் உயிரைக் கொண்டுபோனது அவளுக்கு மட்டுமே தெரியும். எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த சொர்ணத்தை, நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாயே என்று மெச்சிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அது சதையல்ல, வீக்கம். பத்தாம் நாள் சொர்ணத்துக்குச் சன்னி கண்டது. பல் கிட்டிப்போய், கைகால் வெட்டி இழுத்து, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தாள். காற்றுக் கருப்பு என்று ஊர் முடித்துக்கொண்டது. பிரகதாம்பாளால் அப்படி முடித்துக்கொள்ள முடியவில்லை. துக்கம் கேட்கப் போனபோது, வளைகாப்பு வளையல் கழலாமல் உடைத்துத்தான் எடுத்தோம் என்று சொர்ணத்தின் தாய் அழுதாள்.

அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைத்தாய்ச்சியின் வளையலைத்தான் முதலில் தொட்டாள். கையில் அது சுற்றினால் அடுத்த வீடு.

மறு வருஷம் கார்த்திகையில், சொர்ணத்தின் ஊரிலேயே, அழகியின் கையில் வளையல் சுற்றவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். முகமும் ஊதியிருந்தது.

"ரெண்டு நாளா மண்டைய இடிக்குதுக்கா. கண்ணுல என்னமோ மின்னி மின்னிப் பறக்குது" என்றாள்.

பிரகதாம்பாள் பையிலிருந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்து ஏற்றினாள். அழகியின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினாள். அது பால் திரிந்தாற்போல் வெளுத்தது; புரதம் இறங்கியிருந்தது. இன்றைக்கே புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றாள்.

அழகியின் தாய் ராக்காயி அசையவில்லை. செத்தவளைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்து அவள் பார்த்திருக்கிறாள். போவதென்றாலும் மாப்பிள்ளை வீட்டில் கேட்டு, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றாள்.

"காலு வீங்காமப் பிள்ளை பெத்தவ ஒருத்தியக் காட்டுங்க பாப்போம். அதோட, நின்ன எடத்துல நிக்காத நீங்க எம் மகளை ஆஸ்பத்திரியில படுத்தே கெடன்னு சொல்றீங்களாக்கும்."

ரோட்டில் பதினோரு மணி பஸ் ஹாரன் அடித்தது. பிரகதாம்பாளின் கால் தானாகச் செருப்பைத் தேடிற்று. அவள் செருப்பைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

"காலு மட்டும் வீங்கினா நானும் போயிருப்பேன். கையும் மொகமும் வீங்கியிருக்கு" என்றாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "சொர்ணம் காத்துக் கருப்புல சாகல. இதே வீக்கந்தான். பாத்துட்டுப் பேசாமப் போனவ நான்."

பிரகதாம்பாள் அழகியின் கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த வளையலை யாரு போட்டது?"

"நாந்தான்."

"அன்னிக்கு எதுவரைக்கும் ஏறுச்சு?"

"மொழங்கை வரைக்கும் ஓடுச்சே."

"இப்ப ஏத்துங்க."

ராக்காயி மகளின் கையைப் பிடித்துத் தள்ளினாள். திருகினாள். வளையல் நகரவில்லை, அதைச் சுற்றிச் சதை பிதுங்கிச் சிவந்தது. கையை விட்டுவிட்டு, "போட்டு மூணு வாரந்தானே ஆச்சு" என்று தனக்குள் சொன்னாள். பிறகு உள்ளே போய்ச் சேலைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த பஸ்ஸு எப்பங்க?"

ஆஸ்பத்திரியில் அழகியை இருட்டறையில் கிடத்தினார்கள். ஊசி போட்டார்கள். சத்தமும் வெளிச்சமும் ஆகாது, உள்ளே யாரும் போகக் கூடாது. பிரகதாம்பாள் பகலில் ஊர்களைச் சுற்றினாள். சாயங்காலம் பஸ் ஏறி வந்து, மூடிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பினாள். நாலாம் நாள் இரத்த அழுத்தம் ஏறிற்று. அன்று வராந்தாவில் அவள் நடந்த நடையைப் பார்த்து ராக்காயியே, "தரை தேஞ்சுபோகும், உக்காருங்க" என்றாள். ஆறாம் நாள் டாக்டரம்மா மருந்து கொடுத்து வலி வரவழைத்தார். நாலு ராத்தல் எடையில் ஒரு பெண் குழந்தை. அழகிக்குச் சன்னி வரவில்லை.

பத்து நாள் கழித்து பிரகதாம்பாள் வார்டுக்கு வந்தாள். ராக்காயி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதைக் காதில் வாங்காமல் பிரகதாம்பாள் அழகியின் கையைத் தூக்கினாள். வளையல்கள் கலகலவென்று முழங்கைவரை ஓடின. மெதுவாகக் கையைக் கீழே வைத்தாள்.

அதையே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் கர்ப்பிணி, ஒன்றும் கேட்காமல் தன் கையை நீட்டினாள்.