சாவித்துவாரத்தில் சந்தனம்

என் அப்பா எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பழைய கார் ஒரு நாள் காலை சண்டித்தனம் பண்ணியது. சாவியைத் திருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, இஞ்சின் சுற்றமாட்டேன் என்கிறது. அதைத் தலைமுழுக என் வீட்டுக்காரருக்கு ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. உளுந்தூர்பேட்டைப் பழைய இரும்புக்காரருக்கு உடனே போன் போட்டுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! கார் போய்விட்டால், தியாகதுருகத்தில் இருக்கும் என் அம்மாவைப் பார்ப்பதற்குக்கூட இவரிடம் கெஞ்ச வேண்டும்.

“கண்ணு பட்டிருக்கு, வேற இன்னா?” என்று என் வீட்டுக்காரர் சாவித்துவாரத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் அப்பினார். வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கிற உபசாரம் அது. காருக்கு முகம் அங்கேதான் இருக்கிறதாம்.

“இரும்புக்காரரு வர்றதுக்குள்ள நான் ஓட வச்சிட்டா?”

“ஓடினா வண்டி உன்னுது, போ.”

அந்த வார்த்தை போதாதா எனக்கு! கியரை நியூட்ரலில் போட்டேன். ஸ்டார்ட்டருக்குப் போகிற வயரைச் சாவி போடுகிற சுவிட்சின் பின்னாலிருந்து உருவி, பேட்டரி கரண்ட் வருகிற வயரில் தொட்டேன். இஞ்சின் கரகரவென்று சுற்றியது. ஆக, பேட்டரி, ஸ்டார்ட்டர், வயர் மூன்றும் யோக்கியம். கோளாறு சுவிட்சில்தான்.

சாவி கடைசி வரை திரும்பாமல் பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் துவாரத்தில் ஊசியை விட்டுக் கிளறினேன். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

“இன்னாங்க, உங்க பக்தி பூரா இங்கதான் அடைச்சிக்கினு கீது.”

“தெய்வ குத்தம், வாய மூடு,” என்றார், இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நான் மூடவில்லை. தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு ஆட்டியதும் சாவி சுகமாக இளகியது.

வயர்களை மாட்டி முடிக்கும்போது இரும்புக்காரரின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒரே திருகு! கார் இருமிக்கொண்டே கிளம்பி, என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி மேல் புகையைக் கக்கியது.

இரும்புக்காரர் கெட்டிக்காரர். “ஓடுற வண்டியாங்க? அப்படின்னா ஜாஸ்தியாவே போட்டுத் தரேன். குடுங்கய்யா,” என்று என் வீட்டுக்காரரிடம் போனார். பணம் என்றால் இவர் பேச்சு மாறுகிற ஆள். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குற? வண்டி இவளுது. இவளக் கேளு.”

இவர் வாயிலிருந்து இது வரும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. இரும்புக்காரர் என் பக்கம் திரும்பினார். தர முடியாது என்று வாயால் சொல்வானேன்? ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.