கருவாயனுக்கு வாடை பழக்கியது

“பெட்டியத் தெறங்க. அவ சேலையில ஒண்ணு எனக்கு வேணும்.”

இதைக் கேட்கவே கூடாது என்று என் நாத்தனார் சோலையம்மாள் கல்யாணத்தன்றே சொல்லியிருந்தார். “என்ன வேணும்னாலும் கேளுத்தா. மூத்தவ சேலைய மட்டும் கேட்றாத.” நான் என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். 1981, ஆவணி மாதம், விளாங்குடி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பி.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பேய் பிசாசு என்று பயந்து வளர்ந்தவள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படித்தவளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயந்து என்னை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அவர் பெயர் முத்துக்கருப்பன், மில்லில் பகல் ஷிப்டு. மூத்தவள் பாண்டியம்மாள் காய்ச்சலில் செத்து ஒன்றரை வருடம். செத்தாளே தவிர வீட்டைவிட்டுப் போகவில்லை. குழம்பு வைத்தால், “பாண்டி புளி கம்மியா விடுவா.” தலை சீவினால், “பாண்டிக்கு முடி இம்புட்டு நீளம்.” உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். செத்தவளை எங்கே போய்ப் பிடிப்பது?

அவள் வளர்த்த நாய் கருவாயன். கோம்பை நாய். அவள் தினமும் தலையில் மரிக்கொழுந்து வைப்பாளாம். அவள் போன பிறகு அந்த வாடை பட்டாலே அதற்கு வெறி பிடித்துவிடும். சங்கிலி தெறிக்கும். கல்யாணமான மூன்றாம் நாள் விஷயம் தெரியாமல் நான் மரிக்கொழுந்து வைத்தேன். மணிக்கட்டைக் கவ்விவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அதற்கு அவர் சொன்னது, “நீ அத வச்சிருக்கக் கூடாது, மலையம்மா.”

அப்போதே நினைத்துக்கொண்டேன். இந்த நாய் அந்த வாடைக்கு அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். நாய்க்கு அவள் ஒன்றுமில்லாமல் போனால்தான் இந்த வீடு எனக்கு.

மணி அடித்துச் சோறு வைத்து நாயைப் பழக்கியதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். ஏறக்குறைய அதே முறைதான். கொல்லையில் வேப்பமரத்தடியில் நாயைக் கட்டினேன். இருபது அடி தள்ளி ஒரு மணை. மணைமேல், அவர் வேண்டா வெறுப்பாக எடுத்துக் கொடுத்த நீலச் சேலை. மடிப்புக்குள் காய்ந்த மரிக்கொழுந்து இன்னும் மணந்தது. பக்கத்தில் சோற்றுத் தட்டு. குரைப்பை ஒரு நொடி நிறுத்தினால் ஓர் உருண்டை. தினமும் சரியாகப் பகல் பன்னிரண்டு மணி. அடங்க அடங்க மணையைக் கிட்டே நகர்த்துவேன். அடிக்கு ஒரு கரிக்கோடு.

முதல் நாள் இருபத்திரண்டு நிமிடம் குரைத்தது. ஆறாம் நாள் ஒன்பது. எட்டாம் நாள் வந்த நாத்தனார் கொல்லைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏத்தா, உச்சி வெயில்ல மணையப் போட்டு, அவ சேலைய வச்சு, பக்கத்துல சோத்த வச்சு… இது நாய்க்கு வைக்கிற சோறா?”

“பின்ன யாருக்கு மதினி?”

“செத்தவளுக்கு இப்பிடித்தான படைப்பாக? வருசத்துக்கு ஒருக்கா படைக்கிறத நீ தெனம் படைக்கிறியே!”

சிரித்துவிட்டேன்.

பத்தாம் நாள், எட்டடி. கருவாயன் குரைக்கவில்லை. ஆனால்… அது சேலையைப் பார்க்கவில்லை. சேலைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தது. மெல்ல வாலை ஆட்டியது. எனக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. சோறு போடுகிறவள் நான். எனக்கு ஒருநாளும் அந்த வால் ஆடியதில்லை.

மறுநாளிலிருந்து திருமங்கலத்தில் ஒரு பள்ளியில், லீவில் போன டீச்சருக்குப் பதிலாக மூன்று நாள் வேலை. தோழி வீட்டில் தங்கிக்கொண்டேன். சேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனேன். பகலெல்லாம் வீடு பூட்டியே கிடக்கும். நாய்க்கு ராத்திரி அவர் சோறு வைப்பார்.

மூன்றாம் நாள் காலையிலேயே வேலை முடிந்துவிட்டது. வீட்டு வாசலில் நான் நின்றபோது மணி 12.10. பூட்டு பூட்டியபடி. திறந்தேன்.

மரிக்கொழுந்து வாடை. காய்ந்தது இல்லை… அப்போதுதான் பறித்த பச்சை வாடை.

அடுப்பைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

12.12. கொல்லைக் கதவு.

என் கரிக்கோடுகளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடுகள். கோலப்பொடி. அடிக்கு ஒன்று… கடைசிக் கோடு நாயின் காலடியில்.

அங்கே மணை.

மணைமேல் என் மஞ்சள் ரவிக்கை. அழுக்குக்குப் போட்டிருந்தது.

பக்கத்தில் சோறு. ஆவி பறந்தது…

“கருவாயா.”

குரைக்கவில்லை. உறுமவில்லை. என்னைப் பார்த்தது… சுவரைப் பார்ப்பதுபோல.

சர்… சர்…

என் முதுகுக்குப் பின்னால். சேலை தரையில் உரசுகிற சத்தம்.

வால் ஆடியது.

திரும்பினேன். யாரும் இல்லை.

“வந்துட்டீகளாக்கா?”

பக்கத்துச் சுவருக்கு மேலே ஷரீபாவின் தலை. போன வாரம்தான் குடிவந்த பெண். இந்தத் தெருப் பழங்கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

“ஒங்க வீட்டுக்கு ஒரு அக்கா வந்திருக்காகளே, நீலச் சேல… நாய என்னமாப் பழக்குறாக! மொத நாளு ஒங்க ரவிக்கையக் காட்டுனதும் எம்புட்டுக் கொலைப்பு! இன்னைக்குச் சத்தத்தையே காணோம்.”

“நீ… பேசுனியா?”

“கேட்டேன்க்கா, என்ன செய்றீகன்னு. ‘வீட்டுக்குள்ள புதுசா ஒரு வாடை வந்திருக்கு. நாய்க்கு ஒத்துக்கல. பழக்கி விடுறேன்’னாக.”

உள்ளே ஓடினேன். பெட்டிப் பூட்டு அப்படியே இருந்தது. திறந்தேன். நீலச் சேலை மடித்தபடி. முந்தானை ஓரத்தில் கோலப்பொடி…

அந்த நாய் என்னை மறுபடி கடித்திருந்தால்கூட அந்த வீட்டில் இருந்திருப்பேன்.

அவர் 4.05க்கு வந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார், இல்லை பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. தாலி கட்டும்போதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

“நீலச் சேலையா? மெலிஞ்சு போயிருந்தாளாமா? என்னையப் பத்தி எதுவும் கேட்டாளாமா?”

என் துணிப்பையும் சர்டிபிகேட் கட்டும் அவர் வருவதற்கு முன்பே வாசலுக்குப் போயிருந்தன. செருப்பை மாட்டினேன்.

“மலையம்மா, எங்க போற?”

பையைத் தூக்கிக்கொண்டேன். அவர் கையை நீட்டினார்.

“சரி… அந்தப் பெட்டிச் சாவியக் குடுத்துட்டுப் போ.”

படியில் வைத்துவிட்டு இறங்கினேன்.