நான் அடைத்து வைத்த வியாழக்கிழமை

இரண்டு வருடத்துக்கு முன்பு, அக்டோபர் மாதத்தில் பனிமூட்டமான ஒரு வியாழக்கிழமை நடந்தது இது. இடம் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தின் ஓரத்திலேயே சமையல் மேடை. லண்டனுக்கு நாலைந்து நாள் வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடு அது. யார் எந்தத் தேதியில் வருகிறார்கள், எந்தத் தேதி காலி என்று பார்த்து முன்பதிவுகளைக் கவனிப்பது என் பொறுப்பு.

அலுவலக வேலை தனி. வாரத்தில் நாலு நாள் கணினி முன்னால் இருப்பேன். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. ஃபிளாட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்து பிளம்பராக வேலை செய்கிறார். நான் அவரை "அண்ணா" என்று கூப்பிட்டால், "அண்ணை எண்டு சொல்லும் பிள்ளை. அண்ணா எண்டா படத்தில கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று கேலி செய்வார்.

நான் வருவதற்கு முன்னால் அங்கே முன்பதிவு நடந்த விதமே வேறு. இரண்டு இணையதளங்களில் வீடு விளம்பரத்தில் இருக்கும். மூன்றாவது வழி, அண்ணையின் வாய். கல்யாண மண்டபத்தில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "லண்டன் வந்தா எங்கட வீடு இருக்கு, வாங்கோ" என்று தேதி வரைக்கும் பேசிவிட்டு மறந்துவிடுவார். ஒரு தடவை இரண்டு குடும்பங்கள் ஒரே மாலையில் பெட்டிகளோடு படிக்கட்டில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடினார்.

நான் முதல் வேலையாக இரண்டு தளங்களின் காலண்டரையும் இணைத்தேன். ஒன்றில் தேதி போனால் மற்றதில் தானாகச் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு அண்ணையிடம் கறாராகச் சொன்னேன்: "காலண்டர்ல இல்லாத ஆள் வாசலுக்கு வரக் கூடாது." அவர் கேட்டுக்கொண்டார். மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலிக்க, அதற்கு மேல் கத்தி, "பிள்ளை, பதினேழாம் தேதி காலியோ?" என்று எனக்குப் போன் செய்வார். ஐம்பது வயது மனிதர் என்னிடம் தேதி கேட்டு நிற்பது எனக்குப் பெருமையாக இருக்கும்.

பெருமை என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். நான் மேல்படிப்பு படித்து, லண்டனில் வேலை வாங்கி, என் பெயருக்குக் கீழே பதவியும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புகிறேன். இதை நான் அடக்கமாகச் சொல்வதே இல்லை. ஆனால் அந்த வயது வரைக்கும் ஒரு அறையில் தனியாக இருந்ததில்லை. சூளையில் ஆறு பேருக்கு ஒரு கொட்டகை. விடுதியில் எட்டுப் பேர். லண்டனில் பார்க்கிங் என்று பெயருள்ள ஓர் ஊரில் ஒரே அறையில் மூன்று பெண்கள். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு அம்மா, "வண்டி நிறுத்துற எடத்துலயாடி படுக்கிற?" என்று கவலைப்பட்டார். அதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று நான் சொல்லவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைக் காலண்டரில் அடைத்துவிடுவேன். காரணம் கேட்கும் பெட்டியில் "பராமரிப்பு" என்று எழுதுவேன். தேதி சாம்பல் நிறமாகும். பதினொரு மணிக்கு விருந்தினர் போனதும் நான் போவேன். விரிப்புகளை மாற்றி, தரையைத் துடைத்து, அண்ணைக்காக எல்லா வேலையையும் ஒழுங்காக முடித்துவிட்டு, கதவை உள்பக்கம் பூட்டிக்கொள்வேன். ஒரு தேநீர் போட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்காருவேன். அவ்வளவுதான். மாலை வரைக்கும் அப்படியே.

அந்த ஜன்னலைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் குறைவுதான். தூரத்தில் உயரமான மேட்டுப் பாதை ஒன்று போகும். பனி நாட்களில் மேடு மறைந்துவிடும். நடக்கிறவர்கள் மட்டும் தெரிவார்கள். சைக்கிள்காரர்களும் நாயோடு போகிறவர்களும் ஆகாயத்தில் மிதந்து போவது போல் இருக்கும். அதற்கும் அப்பால் கண்ணாடிக் கோபுரங்களின் உச்சிகள் வெள்ளைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். விமானங்கள் மிகத் தாழ்வாக, எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் வெளிப்பட்டு, சத்தம் வருவதற்குள் கரைந்துபோகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எந்த ஊர், எந்த வயது என்பதெல்லாம் மெல்லக் கழன்றுவிடும். இது என் வீடு, நான் இப்போதுதான் தூங்கி எழுந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த வாரம். செவ்வாய்க்கிழமை, சுவிட்சர்லாந்தில் இருந்து ஒரு தமிழ் அக்கா வந்து இறங்கினார். இரண்டு இரவுகள். சாவிப் பெட்டியின் எண்ணை அனுப்பிவிட்டேன், நேரில் பார்க்கவில்லை. புதன்கிழமை பிற்பகல், நான் அலுவலகத்தில் இருக்கும்போது போன் செய்தார்.

"தங்கச்சி, நான் உங்கட வீட்டில நிக்கிற ஆள் கதைக்கிறன். தங்கச்சிக்கு, எண்டா என்ர சொந்தத் தங்கச்சிக்கு, இஞ்ச பக்கத்து ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன். இண்டைக்கு எண்டு சொல்லியிருந்தவை, நாளைக்குத் தள்ளிப் போட்டிட்டினம். எனக்கு நாளைக்கும் ஒரு நாள் இருக்க ஏலுமோ?"

காலண்டரைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை வேறு ஆட்கள் வருகிறார்கள். வியாழன் சாம்பல். அதை அப்படி ஆக்கியது நான். ஒரு விரலால் தொட்டால் அது திரும்ப வெள்ளையாகிவிடும். தொடவில்லை. அந்த மாதம் மிகக் களைத்திருந்தேன், மூன்று வாரமாக அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன் என்பதெல்லாம் உண்மைதான். வாயில் வந்தது பொய்தான்.

"சாரிக்கா. நாளைக்கு ஆள் வர்றாங்க."

"ஓம், ஓம். அவையும் எங்கையோ இருந்து வாற ஆக்கள்தானே. பரவாயில்லை பிள்ளை, நான் பாக்கிறன்." ஒரு முறை கூட மறுபடி கேட்கவில்லை. அதுவே என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் திகைத்து நின்றேன். எனக்குச் செய்ய வேலையே இல்லை. பழைய விரிப்புகள் மடித்து வைக்கப்பட்டு, கட்டிலில் புதியது விரிக்கப்பட்டிருந்தது. அடுப்பு பளபளத்தது. மேசையில் ஒரு டப்பா நிறைய ரவை லட்டு, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். அழகான கையெழுத்து. "வாறவைக்கு: பயணக் களைப்பில் வருவீர்கள். நேற்றுப் பின்னேரம் செய்தது. பால் குளிர்பெட்டியில் இருக்கு. நல்லா இருங்கோ."

வருகிறவர் என்று ஒருவர் கிடையாது. நான் ஒரு பொய்யால் உண்டாக்கிய ஆளுக்கு அந்த அக்கா லட்டு பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் மனசாட்சி அப்போதே எழுந்து நின்றுவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நான் தேநீர் போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒரு லட்டை எடுத்துப் பாதி தின்றேன்.

பனி அன்றைக்கு ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. மேட்டுப் பாதை இல்லை, கோபுரங்கள் இல்லை. கீழே எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சிவப்புப் பேருந்து ஒன்று வந்தது, போனது. இருக்கையில் ஒரு பெண், காலருகே ஒரு பெட்டி. இன்னொன்று வந்தது, போனது. அவர் அங்கேயே இருந்தார். மூன்றாவது பேருந்து பனியை ஒதுக்கிக்கொண்டு போனபோது அவர் குளிருக்குக் கைகளைக் கைப்பைக்குக் கீழே செருகிக்கொள்வதைப் பார்த்தேன். லட்டு வாய்க்குள் மணலாகிவிட்டது.

நேரில் பார்த்ததில்லை, அவர்தானா என்று நிச்சயமாகத் தெரியாது. போனை எடுத்து அந்த அக்காவின் எண்ணை அழுத்தினேன். என் காதில் மணி போனது. கீழே, பனிக்குள், அந்தப் பெண் பதறிப்போய்க் கைப்பையைத் திறந்தார். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக் காதில் வைத்தார். ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட்டார்.

"ஹலோ? ஒப்பரேஷன்... ஃபினிஷ்?"

"அக்கா, நான் வீட்டுக்காரப் பொண்ணு. அங்கயே இருங்க. கீழ வர்றேன்."

செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு ஓடினேன். தங்கையைப் பதினொன்றரைக்கே உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். இங்கே பெட்டியோடு காத்திருக்க இடமில்லை, முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்களாம். அந்தத் தங்கை ஓர் அறையில் இன்னும் இரண்டு பேரோடு வாடகைக்கு இருக்கிறவர், அங்கே பெட்டியோடு போய் நிற்க முடியாது. வேறு அறை எங்கும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுத் தள்ளிப் போகவும் மனம் வரவில்லை. அதனால் பேருந்து நிறுத்தம்.

நான் கோழை. அங்கே நின்று இன்னொரு பொய் சொன்னேன். "வர வேண்டியவங்க வரலக்கா. மேல வாங்க."

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். வாடியது. "ஐயோ, ஏன்? பிளைட் ஏதும் பிரச்சினையோ? சின்னப் பிள்ளையளோட வாற ஆக்களோ? போன் எடுத்துக் கேட்டனீங்களோ?" பெட்டியை நான் தூக்க, மூன்று மாடியும் அந்த இல்லாத குடும்பத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே ஏறினார்.

உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ஜன்னலோரம் நாற்காலி. அதன் கையில் இன்னும் ஆறாத தேநீர். திறந்த டப்பா, பாதி கடித்த லட்டு. அவர் நாற்காலியைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கீழே நிறுத்தத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் நிறம், பராமரிப்பு, மூன்று பேர் அறை, ஜன்னல். சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் மிகச் சின்னதாகக் கேட்டது.

அவர் கோட்டைக் கழற்றி மெதுவாகக் கொக்கியில் மாட்டினார்.

"அப்ப அந்த ஆள் நீங்கள்தானோ?" என்றார். "லட்டுக்கு இனிப்புக் காணுமோ?"

இனிப்பு போதுமா என்று என்னைக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையால் தானே போர்த்திய விரிப்பைத் தடவினார். "நான் சுவிஸில பன்னிரண்டு வருஷம் ஹோட்டல் அறை துப்பரவாக்கினனான். ஏரிக்கரை ஹோட்டல். என்ன வடிவான ஜன்னலுகள் தெரியுமோ? ஒரு நாளும் நிண்டு பாக்கேல்லை. பயம். நீங்கள் துணிஞ்ச ஆள்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நேற்று எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த ஜன்னல் ரெண்டு பேருக்குக் காணும்தானே" என்றார்.

அதற்குப் பிறகு போனை என் கையில் கொடுத்தார். இரண்டு இரவாகத் தூங்கவில்லையாம். "ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தா எழுப்புங்கோ. நீங்கள் படிச்ச பிள்ளை, அவை இங்கிலிஷில சொல்லுறதை வடிவா விளங்கி எனக்குச் சொல்லுவீங்கள்." படுத்த உடனே தூங்கிவிட்டார்.

நான் ஜன்னல் முன்னால் உட்கார்ந்தேன். கையில் என்னுடையது அல்லாத போன். வெளியே எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. என் பின்னால் முன்பின் தெரியாத ஒருவரின் மூச்சு ஏறி இறங்கும் சத்தம். தனிமைக்காக நான் திருடிய நாள் அது. ஆனால் அந்தச் சத்தத்தோடுதான் அறை நிறைந்திருந்தது. மதியம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. பனி விலகி, முதலில் மேட்டுப் பாதையில் ஒரு சிவப்புக் குடை தெரிந்தது, பிறகு அதன் கீழே ஆள், பிறகு பாதை.

நாலு மணியைத் தாண்டியதும் போன் அதிர்ந்தது. நர்ஸ் பேசினார். நான் ஒவ்வொரு சொல்லையும் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வாழ்க்கையில் எந்தத் தேர்வையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. பிறகு அக்காவின் தோளைத் தொட்டேன்.

"அக்கா, முடிஞ்சிருச்சு. நல்லா இருக்காங்க. கண் முழிச்சுட்டாங்க. முதல்ல உங்களைத்தான் கேட்டாங்களாம்."

அவர் எழுந்து என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "உண்மையோ? உண்மைதானே?" என்று கேட்டார். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

அன்று மாலையே அண்ணைக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பிள்ளை, நான் பிளம்பர். என்ர வீட்டில ஒவ்வொரு மாசமும் என்னைத் தவிர ஆர் வந்து பராமரிப்புச் செய்யிறது? முதல் மாசமே தெரியும். நீரே சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். இவ்வளவு படித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அவரே மாதம் ஒரு வியாழனை எனக்கு விட்டுக்கொடுத்தார். காரணத்தை மட்டும் உள்ளபடி எழுதச் சொன்னார்.

இப்போது காரணம் கேட்கும் அந்தப் பெட்டியில் என் பெயரை எழுதுகிறேன். மாதம் ஒரு நாள் அந்த ஜன்னல் என்னுடையது, மேட்டுப் பாதையில் மனிதர்கள் இன்னும் மிதந்து போகிறார்கள். ஆனாலும் ஒரு தேதியைச் சாம்பல் நிறமாக்கும் ஒவ்வொரு முறையும் என் விரல் ஒரு நொடி நிற்கும். கீழே பனிக்குள் யாராவது பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்களா என்று மனதுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்தக் கட்டத்தை மூடுகிறேன்.