ஒன்பதாம் மாதத்தில் சொன்ன ஆமாம்

என் மகளுக்கு ஒரு வயது முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. உட்கார வைத்தால் இன்னும் பக்கவாட்டில் சாய்கிறாள். தவழவில்லை. இப்படி எழுதுவதற்கு முன் நாலைந்து தடவை வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நல்ல செய்திதான் முதலில் வந்து உட்கார்ந்தது. ஆறு பல் இருக்கிறது, மிக்ஸி சத்தத்துக்குத் திரும்புகிறாள், யார் தூக்கினாலும் சிரிக்கிறாள் என்று. நல்ல செய்தியை முன்னால் தள்ளிவிடுகிற இந்தப் பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அது என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு எதிலும் அவசரம். தி. நகரில் ஒரு கோச்சிங் சென்டருக்கு இயற்பியல் வினாத்தாள் தயாரித்துக் கொடுக்கிறேன், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. வீடியோ எதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்ப்பேன். கர்ப்பமாக இருந்தபோதே குழந்தை வளர்ச்சி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, மாதவாரியாக ஓர் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தலை நிற்பது, புரள்வது, உட்கார்வது, தவழ்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம். பிறக்காத குழந்தைக்கு டைம்டேபிள் போட்ட முதல் ஆள் நீதான் என்று என் கணவன் சிரித்தான்.

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிர் ஃபிளாட்டில் ஒரு மாமி இருக்கிறார். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். நான் கே.கே. நகரில் வளர்ந்தவள், குழந்தை வளர வளரப் பலகாரம் செய்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. மாமிதான் சொன்னார்.

"ஏண்டிம்மா, உங்காத்துல இதெல்லாம் பண்ண மாட்டேளா? கொழந்தை குப்புற விழுந்தா போளி. பல்லு மொளைச்சா கொழுக்கட்டை. தவழ்ந்து வாசப்படி தாண்டினா பாயசம். பண்ணி அக்கம்பக்கம் கொடுக்கணும். நாலு பேர் வாழ்த்தினாத்தான் கொழந்தை மேல மேல வரும்."

எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்து அதில் பலகாரங்களை எழுதினேன். ஐந்தில் புரள வேண்டியவள் ஏழாம் மாதத்தில்தான் புரண்டாள். போளி செய்தேன், ஓரம் கருகியது, ஆனாலும் பன்னிரண்டு ஃபிளாட்டுக்கும் போயிற்று. பல் மட்டும் நாள் தவறாமல் வந்தது. கொழுக்கட்டையும் போயிற்று. அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

மாமி லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொள்வார். "என்ன, படி தாண்டிடுத்தா? உன் பொண்ணு கவர்மெண்ட் ஆபீஸர்டி. ஃபைல் மெதுவாத்தான் நகரும்." தப்பான எண்ணத்தில் சொன்னதே இல்லை. எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடாது.

நான் வேலை பார்க்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவார். அடையாற்றின் கரையில் இருந்த அவருடைய வீட்டை இடித்து, ஊரின் கடைசியில் ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி எட்டரைக்குள் வந்துவிடுவார். எட்டாம் மாதத்தில் ஒருநாள், குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"இன்னாம்மா இது, பாப்பாக்கு காலை விரிச்சு சோப்பு போடவே முடியல. ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்குது. நாலு பெத்தவ சொல்றேன், டாக்டராண்ட காட்டு."

"ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வேகம்க்கா," என்றேன். படித்ததைச் சொன்னேன்.

"வேகத்த யாரு கேட்டா? காலு வெறைப்பா கீதுன்றேன்."

நான் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு முதல் நாள். கணவன் வேலையாகப் பெங்களூர் போயிருந்தான். காலையில் குழந்தையை வாசல்படிக்கு உள்பக்கம் குப்புறப் போட்டு, வெளிப்பக்கம் சாவிக்கொத்தை வைத்தேன். படி என்று பெயர்தான், ஒன்றரை அங்குலக் கருங்கல் பட்டை. அவள் சாவியைப் பார்த்தாள், கையை நீட்டினாள், இடுப்புக்குக் கீழே எதுவும் நகரவில்லை. அழ ஆரம்பித்தாள். செல்போனை ஒரு கையில் பிடித்தபடி இன்னொரு கையை அவள் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, அந்தப் பட்டைக்கு அந்தப்பக்கம் விட்டேன். வீடியோவின் ஓரத்தில் என் மணிக்கட்டு தெரிந்தது. அதை வெட்டி எடுத்தேன். ஒன்பது விநாடி மிச்சமிருந்தது. கணவனுக்கு அனுப்பினேன். "என் சிங்கக்குட்டி" என்று பதில் வந்தது. ஆபீஸ் முழுக்கக் காட்டினானாம்.

அக்கா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"கொயந்த எங்க தாண்டிச்சு? நீதாம்மா தாண்ட வெச்ச."

"கொஞ்சம் ஹெல்ப் பண்ணேன்க்கா, அவ்ளோதான்."

"அப்ப பாயசத்த உனக்குத்தான் ஊத்தணும்."

இருவரும் சிரித்தோம். நான் பருப்பு வேக வைத்தேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை, இதை எப்படிச் சொன்னாலும் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றாலும் கணக்குக்குப் பத்து என்று வைத்துக்கொள் என மாணவர்களுக்குச் சொல்கிறோம் இல்லையா, அதுபோலத்தான் நினைத்தேன். அடுத்த வாரம் எப்படியும் தாண்டப்போகிறவள், ஒரு வாரம் முன்னால் எழுதிக்கொண்டால் என்ன?

மறுநாள் அடையாறில் டாக்டர் அறைக்கு வெளியே நல்ல கூட்டம். ஊசி போட்டதும் குழந்தை அலறிய அலறலில் டாக்டரம்மா அவளைக் கீழே விட்டுப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

"உக்காருறாளா?"

"ஆமா டாக்டர்."

"தவழுறாளா?"

"வாசப்படியே தாண்டிட்டா டாக்டர். நேத்து பாயசம்கூடப் பண்ணியாச்சு."

"எனக்கு வரலையே," என்று சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் அவள் தாண்டவில்லை. அடுத்த வாரமும் தாண்டவில்லை. பத்தாம் மாதத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் துடைக்கிற சாக்கில் அட்டவணையைக் கிழித்து எடுத்தேன். கணவன் இரண்டு தடவை கேட்டான், "அன்னிக்கு தாண்டினாளே, அப்புறம் ஏன் பண்ணவே மாட்டேங்கறா?" மூட் இல்லை, பல் வலிக்கிறது, தரை வழுக்குகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னேன். முதல் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டான்.

டாக்டரம்மா குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். கைகளைப் பிடித்து எழுப்பினார். பழைய பக்கத்தைப் புரட்டினார். அவர் குரல் மாறியது எனக்குத் தெரிந்தது.

"ஒன்பது மாசத்துல தவழ்ந்திருக்கா. இப்ப உக்காரவே கஷ்டப்படறா. அப்ப இருந்தது போயிடுச்சா?"

"ஆமா டாக்டர், வீடியோவே இருக்கு," என்று கணவன் செல்போனை நீட்டினான். அவர் மூன்று தடவை பார்த்தார். ஒரு திறமை வராமல் இருப்பது வேறு, வந்து போவது வேறு என்று விளக்கினார். போகிறது என்றால் மூளையை மெல்லத் தின்னுகிற சில நோய்களைத் தேட வேண்டும். நரம்பு மருத்துவரிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன், முதலில் ரத்தப் பரிசோதனைகள், பிறகு மயக்கம் கொடுத்து முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை. அவன் கையில் அந்த வீடியோ ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் திறக்கவில்லை.

ரத்தம் எடுக்கிற இடத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இடது கை, வலது கை, பிறகு புறங்கால். அவள் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன். அழுகைக்கு நடுவில் அவள் என்னைத்தான் பார்த்தாள், நான் ஏதாவது செய்வேன் என்பதுபோல.

பிறந்தநாளுக்கு இருபது பேர் வந்தார்கள். முதுகில் ஊசி போடுவதற்கு முன் ஒரு தடவை வரச் சொல்லி மறுநாள் காலைக்கு டாக்டரம்மா நேரம் கொடுத்திருந்தார். அதற்காகப் பிறந்தநாளைத் தள்ளிவைக்க முடியுமா? பலூன் கட்டினோம். பட்டுப் பாவாடையில் குழந்தை மடி மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். மாமிதான் ஆரம்பித்தார்.

"ஒம்போது மாசத்துலயே படி தாண்டினவ, இப்போ ஓடணுமே. ஏன் மடிய விட்டு எறங்கவே மாட்டேங்கறா?"

"இருங்க மாமி, காட்டறேன்," என்று கணவன் வீடியோவை டிவியில் போட்டான். அவனுக்குத் தேவையாக இருந்தது, மகள் ஒரு காலத்தில் நன்றாக இருந்தாள் என்பதற்கு அவனிடம் வேறு ஆதாரம் இல்லை. அவ்வளவு பெரிய திரையில் அவள் வயிறு தரையிலிருந்து எழும்புவது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா சுண்டல் தட்டோடு நின்று என்னைப் பார்த்தார். உள்ளே போனார்.

மறுநாள் ஆட்டோவில் சொன்னேன். மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி வண்டிகள் நகராமல் நின்றன. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ தாண்டல. நான்தான் தூக்கி வெச்சேன். என் கைய கட் பண்ணிட்டு அனுப்பினேன்."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு, "ஊசி குத்தினப்ப நீ அவ கைய பிடிச்சிட்டு இருந்த," என்றான். பிறகு, "வண்டிய நிறுத்துங்க."

"வண்டி எங்க சார் ஓடுது? நின்னுக்கினுதான கீது," என்றார் டிரைவர். "எறங்கணுமா?"

அவன் இறங்கவில்லை. குழந்தையை என் தோளிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

டாக்டரம்மாவிடமும் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பழைய வரியை அடித்தார்.

"முதுகுல ஊசி இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேன் எடுக்கணும், பயிற்சி உடனே ஆரம்பிக்கணும்." பேனாவை மூடிவிட்டு, "நீங்க சொல்றத வெச்சுத்தாம்மா நாங்க பாக்கறோம். அவளால சொல்ல முடியாது," என்றார்.

"மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா?"

"அத இப்ப கேக்காதீங்க."

"இல்ல, சொல்லுங்க."

"நல்லா இருந்திருக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

ஸ்கேனில் பிறந்த சமயத்திலேயே ஏற்பட்ட ஒரு பாதிப்பு தெரிந்தது. நடப்பாளா என்று கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் விடை எழுதிப் பழகியவள் நான். அந்த மூன்று மாதத்தின் விடை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் வளர வளர, அவளால் முடியாத ஒவ்வொன்றிலும் அந்த மூன்று மாதத்துக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறேன்.

வாரம் மூன்று நாள் பயிற்சி. பெரும்பாலும் கணவன்தான் அழைத்துப்போகிறான். சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறான். நேற்று அவன் வேலையிலிருந்து வந்தபோது குழந்தை பாயில் படுத்திருந்தாள், அக்கா கிளம்பத் தயாராக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் உண்மையாகவே ஒன்று நடந்திருந்தது. யாரும் பிடிக்காமல் நாலைந்து விநாடி உட்கார்ந்திருந்தாள். நான் எண்ணினேன்.

"இன்னிக்கு தானா உக்காந்தா," என்றேன்.

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"அப்படியாக்கா?" என்று கேட்டான்.