மாவ்பியில் ஒரு மார்க் இல்லாத பள்ளி

டென்மார்க்கிலிருந்து திரும்பிய சயாமாவின் பெட்டியில் தடித்த பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. நீல அட்டை, பல கை பட்டு ஓரமெல்லாம் நைந்திருந்தது. மிட்டாய் வரும் என்று காத்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நமக்கு ஒரு எழுத்தும் தெரியாதே" என்றேன். "படிக்க வேணாம். அங்க காலையில எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாடுறாங்க. நாம நம்ம பாட்ட பாடுவோம்" என்றார். பர்மாவில் ஆசிரியையைச் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அவர் பாடம் எடுத்ததில்லை. நகரத்தில் தாமுவே பகுதியில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் தமிழச்சி, அவர் பர்மாக்காரி, சண்டை போட்டுக்கொள்வது பர்மிய மொழியில்.

அவர் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தது ஒரு விசித்திரமான பள்ளியில். வளர்ந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, சேர்ந்து சமைத்து, பேசி, பாடிக் கற்கிற இடம். தேர்வு இல்லை, மார்க் இல்லை, சான்றிதழும் இல்லை. அந்த நாட்டுக் குடியானவர்களுக்காக என்றோ தொடங்கிய வழக்கமாம். பக்கத்து நாடுகளுக்குப் போய், பிறகு கடல் தாண்டி ஆப்பிரிக்கா, இந்தியா என்று பரவி, கடைசியில் சயாமாவின் பெட்டியோடு நகரத்துக்கு வெளியே உள்ள மாவ்பிக்கும் வந்து சேர்ந்தது. காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அடுப்படியும் சாமான் வாங்குவதும் என் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் எல்லாரும் வட்டமாக உட்காருவோம். பள்ளியின் எந்த முடிவும் அந்த வட்டத்தில் கை தூக்கித்தான். சமைக்கிறவளுக்கும் ஒரு கை, சயாமாவுக்கும் ஒரு கைதான்.

எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரு காலை விமானப் படியில் வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் வரிசை, ஜப்பானிய மொழி வகுப்பு, கொரிய மொழி வகுப்பு என்று அலைந்தார்கள். எந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கும் என்பதே ஊர்ப் பேச்சு. அதற்கு நடுவில் காகிதமே தராத பள்ளி நடத்துவது மொட்டைத் தலையனிடம் சீப்பு விற்பது மாதிரி என்று சயாமாவை நான் கேலி செய்வேன். அவர் சிரித்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாம் வருடம் தன்லியின் என்ற ஊரிலிருந்து ஒருத்தி வந்தாள். தையல் ஆலைக்காரி. அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். தட்டுத்தடுமாறி என்னோடு தமிழ் பேசுவாள், அதனாலேயே அவள் மேல் எனக்குத் தனிப் பிரியம். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் எங்களிடம் கற்றுக்கொண்டாள். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. தையல் மெஷினை விட்டு எழுந்தால் போதும் என்பாள். ஆள் அனுப்பும் ஏஜென்ட் கேட்டது ஒன்றைத்தான். பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், அதில் அவள் இத்தனை பேரில் இத்தனையாவது என்று இருக்க வேண்டும்.

தானாக எழுதித் தர முடியாது என்றார் சயாமா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு நம்பர்தானே! எழுதிக் குடுத்தா உங்க டென்மார்க் கடல்ல முழுகிடுமா?" என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் குடுத்தாலும் தப்பு, மறுத்தாலும் தப்பு. நான் ஒருத்தி முடிவு பண்ணா இது என் வீடாயிடும். சனிக்கிழமை கேளு."

கேட்டேன். பொங்கிப் பொங்கிப் பேசினேன். ஒரு பெண்ணின் பிழைப்பு முக்கியமா, எங்கிருந்தோ வந்த கொள்கை முக்கியமா என்றேன். கைகள் உயர்ந்தன, தன்லியின்காரியின் கையும்தான். சயாமா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் மூச்சு விட்டேன். அப்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "என்னைய மொதல்ல போடுவீங்க, சரி. கடைசில யாரப் போடுவீங்க?"

அவளுக்குப் பக்கத்தில், குளிப்பாட்டும் பாடத்தில் நோயாளியாகப் படுத்துப் படுத்து அவளுக்குப் பழக்கிவிட்ட கரேன் இனப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு எதையும் மெல்லத்தான் செய்ய வரும், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "கடைசில என்னையப் போடுங்க, எனக்கென்ன" என்று அவளே சொன்னாள். தன்லியின்காரி அவளைப் பார்த்துவிட்டுத் தன் கையை இறக்கினாள். அதன்பின் ஒவ்வொரு கையாக இறங்கியது. கடைசிவரை தூக்கிக்கொண்டிருந்தவள் நான்தான். தன்லியின்காரி சான்றிதழ் இல்லாமல் ஆலைக்கே திரும்பிப் போனாள்.

அதற்கப்புறம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு கலங்கியது, பள்ளியை மூடினோம். சயாமா எல்லைக்கு அப்பால் போய்விட்டார். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் இதே மாதிரி பள்ளி தொடங்கியிருப்பதாகக் கேள்வி. அவர் கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை. ஒரு பெண்ணின் வழியை அடைத்துவிட்டு அடுத்த ஊரில் வட்டம் போட்டு உட்கார எப்படி மனசு வருகிறது என்று பொருமிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாகியும் அந்த எரிச்சல் ஆறவில்லை.

போன மாதம் மனசு கேட்காமல் தன்லியின் பஸ்ஸில் ஏறினேன். ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்து வந்தவள் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. டீக்கடையில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். சயாமாவின் பிடிவாதம் உன்னை இப்படி ஆக்கிவிட்டது, அவரை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று கொட்டித் தீர்த்தேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஜப்பான் போலன்னு நானும் அழுவேன் அக்கா, இப்பவும் அழுவேன். ஆனா சயாமாவா என் கைய எறக்குனாங்க? பள்ளிக்கூடம் அப்பா நிறுத்துனாரு, கல்யாணம் மாமா முடிச்சாரு, ஆலைக்கு அத்த அனுப்புனாங்க. நானா முடிவு பண்ணது அந்தக் கைய எறக்குனது ஒண்ணுதான். அதையும் வேற யாரு பேர்லயும் எழுதிடாதீங்க."