மட்டத்தில் நிற்காதவள்

புதுப் பலகையின் வயிற்றில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்கிறாள் மஸ்ரத். அப்புறம் மூக்கை வைத்து, அடியில் பூசிய மெழுகை மோந்து பார்க்கிறாள். அப்புறம் நடுமுதுகில் ஏறி நின்று ஒரு குதி. குல்மார்கில் ஸ்னோபோர்டு வாடகைக்கு விடும் கடையின் வாசலில் இதெல்லாம் நடக்கும்போது, பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் மாவு பிசைவதை நிறுத்திவிடுவார்.

"கடிச்சும் பாத்துடு, உப்பு சரியா இருக்கான்னு."

"உங்க ரொட்டியை விட மெத்துன்னுதான் இருக்கும், சாச்சா."

இருபத்தாறு வயது. கன்னமெல்லாம் வெயிலும் பனியும் சேர்ந்து சுட்ட செங்கல் நிறம். கண்ணாடி மாட்டுகிற இடம் மட்டும் வெள்ளை. கண்ணாடியைக் கழற்றினால் ஆந்தை. அவள் மலைமேல் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்னபிறகுதான் எந்தப் புதுப் பலகையும் வாடகைக்குப் போகும். மீதி நேரத்தில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். டில்லியிலிருந்து வந்த ஒருவர், பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "உங்களுக்குப் பின்னாலதான் சார், கூடவே கொண்டு வந்திருக்கீங்க. உக்காந்தா நின்னுடும்" என்றாள். அவர் அன்றைக்கு முழுக்க பிரேக் போட்டுக்கொண்டே இருந்தார்.

பலகைக்கெல்லாம் பெயர் வைப்பாள். யாருக்கும் வளையாத ஒன்று தாசில்தார். சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் தொளதொளவென்று போகிற ஒன்று புதுமாப்பிள்ளை. ஆனால் ஓட்டிப் பார்க்காமல் பெயர் கிடையாது. "மூஞ்சியைப் பாத்துப் பேர் வைக்க நான் என்ன இவனைப் பெத்தவளா?"

அவளைப் பற்றி ஊரில் ஒரே ஒரு புகார்தான். ஆனால் பெரிய புகார். நின்று நலம் விசாரிக்க மாட்டாள்.

இங்கே ஒருவரைக் கண்டால் நிற்க வேண்டும். நின்று, நல்லா இருக்கியா, உடம்பு எப்படி, அம்மா எப்படி, டீ குடிச்சியா, மாடு எப்படி என்று வரிசையாகக் கேட்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதிலும் சொல்ல வேண்டும். காலையில் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்றவராக இருந்தாலும் சரி. சரிவின் நடுவே நின்றாலும் மஸ்ரத்துக்குக் கவலையில்லை, பலகை மறுபடி கிளம்பிவிடும். மட்டமான தரையில் நின்றால் போயிற்று. பனிச்சறுக்குக்காரன் கையில் இரண்டு கோல் இருக்கிறது, ஊன்றித் தள்ளிக்கொண்டு போவான். பலகைக்காரிக்கு இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருக்கிறது. வாரைக் கழற்றி, பலகையைத் தூக்கி, முழங்கால் பனியில் நடக்க வேண்டியதுதான். ஒருமுறை ஒரு மாமாவின் மாட்டை நலம் விசாரிக்க நின்று, அப்புறம் அரைமணி நேரம் நடந்தாள். அன்றிலிருந்து சரிவில் வரும்போதே தொண்டை கிழியக் கத்திவிடுவாள்: "சலாம் மாமா! நல்லா இருக்கேன்! அம்மா நல்லா இருக்கா! டீ ஆச்சு!" மாமா வாயைத் திறப்பதற்குள் கடந்து போயிருப்பாள்.

இதில் அதிகம் அடிபட்டவர் அவள் அப்பா அஸதுல்லா. அடிவாரப் புல்வெளி மட்டத்தில் சுற்றுலாக்காரர்களை மரச்சறுக்கு வண்டியில் உட்காரவைத்துக் கயிற்றால் இழுக்கிறவர். "உன் பொண்ணு பெத்தவனைக்கூட நிறுத்தி விசாரிக்கிறதில்லையே" என்று கூட்டாளிகள் கிண்டலடித்தால் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்துவிடுவார். வீட்டுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"நின்னா நகராது பாபா."

"நின்னா நகராத வண்டி எது? இழுத்தா நகரும்."

இழுக்கிற தொழில் செய்கிறவரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது?

இந்தக் குளிர்காலத்தில் மலை மீட்புக் குழுவில் ஓர் இடம் காலியானது. மஸ்ரத் போய்க் கேட்டாள். குழுத் தலைவர் ஃபயாஸ் சறுக்குக்காரர். பலகை என்றாலே அவருக்கு இளக்காரம். "மட்டத்துல நீ நின்னுடுவ. அப்புறம் அடிபட்டவனைப் பாக்குறதா, உன்னைத் தூக்குறதா?" கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். அஃபர்வாட் உச்சியிலிருந்து அடிவாரக் குடில் வரைக்கும், கால் வாரை ஒருதரம்கூடக் கழற்றாமல், யாரும் தொடாமல் வந்து சேர வேண்டும். வந்தால் இடம். நின்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

"அடுத்த வருஷம் நீங்க வேற யாரையாவது பாருங்க. நான் உள்ள இருப்பேன்" என்றாள்.

அதற்குத்தான் இந்தப் புதுப் பலகை. நீண்ட மூக்கு, ஒடுங்கிய வால், நடுவில் வில்போல எழும்பிய முதுகு.

கேபிள் காரில் உச்சிக்குப் போனாள். முகட்டில் காற்று உழுதுபோட்ட கெட்டிப் பனி. அதில் பலகை பல் கிட்டியதுபோலக் கடகடத்தது. முழங்காலை மடக்கி அந்த நடுக்கத்தை விழுங்கினாள். முகடு தாண்டிக் கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் இறங்கியதும் புதுப்பனி. பழைய பலகையாக இருந்தால் பின்னங்காலில் சாய்ந்து சாய்ந்து தொடை எரியும். இது தானே மூக்கைத் தூக்கிக்கொண்டது. சத்தமே இல்லை. தேவதாரு மரங்களுக்குள் நுழைந்தபோது, ஒடுங்கிய வால் அவள் நினைக்கும்முன் திரும்பியது. ஒரு கிளை மட்டும் தொப்பியில் கைவைத்துப் பார்த்தது. காட்டுக்குக் கீழே எல்லோரும் மிதித்து இறுகிப்போன சரிவு, அப்படியே பனிக்கட்டி. பலகையின் ஓரத்தை ஊன்றினாள். கவ்விக்கொண்டது.

"பிடிச்சா விடமாட்டேங்குறானே! கல்யாணத் தரகன்டா நீ" என்று கத்தினாள். பெயர் வைத்தாயிற்று.

எதிரே மட்டம் தெரிந்தது. கடைசியில் குடில், வாசலில் ஃபயாஸ். வழியோரம் மரவண்டிக்காரர்கள், நடுவில் அப்பா.

மட்டத்தில் வேகத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான்: பலகையைத் தட்டையாக வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. தலையைத் திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஓரம் பனியைத் தின்னும், அவ்வளவுதான். வழக்கம்போலச் சரிவிலேயே கத்தினாள். "சலாம் பாபா! நல்லா இருக்கேன்! டீ குடிச்சேன்!" எதிர்க்காற்று மொத்தத்தையும் அவள் வாய்க்குள்ளேயே திருப்பிப் போட்டது. அங்கே ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை.

"பாரு அஸதுல்லா, இன்னிக்கும் ஓடுறா" என்றான் ஒருவன்.

கயிறு தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பனியை மிதிக்கிற சத்தம். மஸ்ரத் தலையைத் திருப்பவில்லை. பக்கவாட்டில் ஒரு நிழல் மட்டும் ஃபெரன் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் பாபா! நீங்க எதுக்கு ஓடுறீங்க?"

"நீ நிக்க மாட்டியே! உடம்பு எப்படி?"

"நல்லா இருக்கு!"

"டீ... டீ குடிச்சியா?"

"குடிச்சேன்! நீங்கதானே ஊத்திக் கொடுத்தீங்க!"

மரவண்டிக்காரர்கள் சீட்டியடித்தார்கள். பலகையின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. குடில் இன்னும் தள்ளித்தான் இருந்தது. நிழலிலிருந்து ஒரு கை நீண்டு அவள் முதுகுக்கு வந்தது. ஆயுள் முழுக்க நின்றுபோன வண்டியைத் தள்ளிப் பழகிய கை.

"தொடாதீங்க! தொட்டா எல்லாம் போச்சு!"

கை அந்தரத்தில் நின்றது. அவர் இரண்டு கைகளையும் ஃபெரனுக்குள் இழுத்துக்கொண்டார். கை இல்லாத மனிதர்போல, தடுமாறிக்கொண்டே, கூடவே ஓடினார். அவர் ஓட்டம் நடையானது. பலகையும் நடையானது. மஸ்ரத் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். தரகனின் நீண்ட மூக்கு ஊர்ந்து ஊர்ந்து போய், குடிலின் முதல் படியில் டக்கென்று முட்டியது. அதே நேரம் பின்னால் அஸதுல்லா குப்புற விழுந்தார்; கை உள்ளே இருந்தால் எதை ஊன்றுவது?

ஃபயாஸ் படியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கால்களில் கட்டியிருந்த வாரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். "நாளைக்குக் காலையில வந்துடு. நேரத்துக்கு வரணும்."

மஸ்ரத் வாரைக் கழற்றிவிட்டு, அந்தக் கையைத் தாண்டிப் பின்னால் போனாள். அப்பாவைத் தூக்கி நிறுத்தி, தாடியிலிருந்து பனியைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், முதலிலிருந்து ஆரம்பித்தாள். "நல்லா இருக்கீங்களா பாபா? உடம்பு எப்படி?" ஃபயாஸின் கை அந்தரத்திலேயே இருந்தது. அவர்கள் அப்போதுதான் 'மாடு எப்படி' வரைக்கும் வந்திருந்தார்கள்.